பிடி ஏன் ஆடுகிறது? மரம், கொம்பு, தந்தம்: ஒரு தொடக்கப் பாடம்

நீலகிரியில் தை பிறந்ததும் பட்டறைகளுக்கு ஒரே மாதிரி வேலை வரும். பிடி ஆடும் கத்தி, தலை கழலும் கோடாலி, பூண் தனியாகச் சுழலும் அரிவாள். இரும்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆடி மாதத்தில் இறுகிப் பிடித்திருந்த அதே பிடிதான் இப்போது ஆடுகிறது. கத்தி செய்தவரைத் திட்டுவது வழக்கம். பெரும்பாலும் அவர்மேல் தப்பிருக்காது. காற்றிலுள்ள ஈரம் ஒரு காரணம், அந்த ஈரத்தை எண்ணிப் பார்க்காமல் எடுத்த கட்டை இன்னொரு காரணம்.

தேயிலைத் தோட்டத்துக் கவாத்துக் கத்தியானாலும் சரி, போட்டியில் சுடும் கைத்துப்பாக்கியானாலும் சரி, கை தொடும் இடத்தில் காலங்காலமாக இருந்து வந்தது ஒரு காலத்தில் உயிரோடு வளர்ந்த ஏதோ ஒன்று. மரம், கொம்பு, எலும்பு, தந்தம். இவை எல்லாமே ஈரத்தைக் குடிக்கும், பிறகு விடும். குடிக்கும்போது உப்பும், விடும்போது சுருங்கும். எந்தத் திசையில் எவ்வளவு என்பதுதான் ஒவ்வொன்றுக்கும் வேறு. அது தெரிந்துவிட்டால் பிடி செய்யும் வேலையில் பாதி முடிந்த மாதிரி. மீதிப் பாதி அரமும் உப்புத்தாளும் பொறுமையும்.

மரம்: நீளத்தில் அசையாது, அகலத்தில் அசையும்

மரக்கட்டை ஒரே திண்மமாகத் தெரிந்தாலும், உள்ளே அது நீளவாக்கில் ஓடும் நுண்ணிய குழாய்களின் கட்டு. ஈர்க்குமாறு ஒன்றை இரவெல்லாம் மழையில் போட்டுவையுங்கள். காலையில் ஒவ்வொரு ஈர்க்கும் கொஞ்சம் தடித்திருக்கும், கட்டு புடைத்திருக்கும். ஆனால் ஈர்க்குமாறு நீண்டிருக்காது. மரமும் அப்படித்தான். பச்சை மரம் முழுக்க உலரும்போது நீளவாக்கில் 0.1 முதல் 0.2 சதவீதம்தான் சுருங்கும். ஆரவாக்கில், அதாவது மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில், மரத்தைப் பொறுத்து ஏறக்குறைய 2 முதல் 5 சதவீதம். மரத்தின் வளர்ச்சி வளையங்களை ஒட்டிய திசையில் ஏறக்குறைய அதன் இரண்டு மடங்கு.

மரம் உலர்ந்துவிட்டால் கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். வெட்டி எத்தனை ஆண்டு ஆனாலும் சுற்றியிருக்கும் காற்றோடு அது கணக்குத் தீர்த்துக்கொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருந்தால் மரத்துக்குள் ஈரம் 12 சதவீதத்துக்குப் பக்கத்தில் நிற்கும். காற்று 90 சதவீதத்துக்கு ஏறினால் மரம் 20 வரை போகும். 40க்கு இறங்கினால் மரம் 8க்கு வரும். சமவெளியிலும் இது நடக்கிறது. மலையில் இரு கோடிகளும் கூடுதல் கடுமை. கூடலூர், தேவாலா, நடுவட்டம் பக்கம் தென்மேற்குப் பருவமழை மாதக்கணக்கில் ஊற்றும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துக்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. அது ஓய்ந்ததும் மார்கழி, தையில் இரவில் உறைபனி, பகலில் உதட்டை வெடிக்க வைக்கும் வறட்டு வெயில். கொடைக்கானலிலும் அதே நிலைதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 மில்லிமீட்டர் அகலமுள்ள தேக்குப் பிடி. மழைக்காலத்தில் உள்ளே 18 சதவீத ஈரம், தையில் 10. வளையத்தை ஒட்டிய திசையில் அறுத்த துண்டாக இருந்தால் அகலம் சுமார் 0.4 மில்லிமீட்டர் குறையும். தேக்கு இந்த விஷயத்தில் அடக்கமான மரம். அதே இடத்தில் நம்மூர்க் கற்பூர மரத்தை, அதாவது தைல மரத்தை, வைத்திருந்தால் அசைவு இரண்டு மடங்குக்கு மேல் போகும், முறுக்கிக்கொள்ளவும் செய்யும். 0.4 மில்லிமீட்டர் என்பது பார்வைக்கு ஒன்றுமில்லை. ஆனால் விரலுக்குத் தெரியும். இரும்பின் விளிம்பு தோலில் இடற அதுவே தாராளம். 12 சென்டிமீட்டர் நீளப் பிடி நீளவாக்கில் எவ்வளவு அசையும் என்று பார்த்தால், பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர்கூட வராது.

இந்த ஒரு கணக்கிலிருந்து நிறைய நடைமுறை விதிகள் தானாக வந்துவிடும். இரும்பின் இரு பக்கமும் மரத் தகடு வைத்து ஆணியடிக்கும் பிடியில், ஆணிகளை நீளவாக்கில் ஒரே வரிசையில் வையுங்கள். நீளம் அசையாது, அதனால் ஆணிகளுக்கு நடுவே இழுபறி இல்லை. அழகுக்காக அகலத்தில் இரண்டு ஆணி பக்கம் பக்கமாக வைத்தால், மரம் சுருங்கும்போது இரண்டுக்கும் நடுவே கீறல் விடும். திருகு போடும் துளையைக் கொஞ்சம் தளர்வாக விடுவதும் இதற்காகத்தான். தகட்டின் வெட்டுமுகத்தைப் பாருங்கள்: வளையக் கோடுகள் அகலப் பக்கத்துக்குச் செங்குத்தாக நின்றால் அசைவு பாதியாகும், படுத்திருந்தால் முழு அசைவு. கடையில் கட்டை வாங்கும்போது மேல்பரப்பின் அழகை மட்டும் பார்த்து வாங்குகிறோம். நான் முதலில் முனையைத் திருப்பிப் பார்க்கச் சொல்வேன்.

தண்ணீரில் ஊறப்போடுவது

ஆடும் கோடாலியைத் தண்ணீரில் ஊறப்போட்டு இறுக்குவது ஊரெல்லாம் தெரிந்த வைத்தியம். மறுநாள் இறுகத்தான் செய்யும். ஆனால் அடுத்த முறை முன்பைவிட மோசமாக ஆடும். காரணம் இதுதான். மரம் உப்பும்போது இரும்பு வளையம் விட்டுக்கொடுக்காது. உப்ப இடமில்லாத மரம் தன் குழாய்களையே நசுக்கிக்கொள்கிறது. நசுங்கிய குழாய் திரும்ப எழாது. உலரும்போது மரம் பழைய அளவுக்கு வந்து நிற்காமல், அதைவிடச் சின்னதாகிவிடுகிறது. ஒவ்வொரு ஊறலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இளைக்கும். ஆடியில் ஊறி, தையில் உலர்ந்து, மறுபடி ஆடியில் ஊறும் மலைப் பிடிக்கு யாரும் ஊறப்போடாமலே இது தானாக நடக்கிறது. சரியான வைத்தியம் காய்ந்த காலத்தில் காய்ந்த ஆப்பு அடிப்பது. பிறகு வெட்டுமுகத்தை எண்ணெயோ மெழுகோ பூசி அடைப்பது. மரம் ஈரத்தை அதிகம் குடிப்பது பக்கவாட்டில் அல்ல, குழாய்களின் வாய் திறந்திருக்கும் முனையில்.

அதனால் பிடி செய்ய நல்ல காலம் எது என்று கேட்டால், நடுவாந்தரமான ஈரமுள்ள மாதங்கள். கொட்டும் மழையில் இரும்போடு சமமாக இழைத்த மரம் தையில் உள்வாங்கும். தை வறட்சியில் இழைத்தது ஆடியில் துருத்தும். பங்குனி, சித்திரை தோதானவை. அவசரமென்றால் கட்டையைச் சமையலறையில் ஒரு மாதம் வைத்துவிட்டுத் தொடங்கலாம். கட்டை தயாரா என்று பார்க்கச் சமையலறை டிஜிட்டல் தராசு போதும். வாரம் ஒருமுறை எடை போட்டு எழுதுங்கள். எடை குறைவது நின்றால் கட்டை சுற்றுக் காற்றோடு சமாதானமாகிவிட்டது என்று பொருள்.

எந்த மரம்?

பெயர் போனது ஈட்டி, ஆங்கிலத்தில் ரோஸ்வுட். சமவெளியில் தோதகத்தி என்பார்கள். கனம், எண்ணெய்ப் பசை, கரும் ஊதா ரேகை, குறைந்த சுருக்கம். உலகம் முழுக்கத் துப்பாக்கிப் பிடிக்கும் கத்திப் பிடிக்கும் ரோஸ்வுட் தேடப்பட்டது சும்மா அல்ல. ஆனால் தமிழ்நாட்டில் ஈட்டி மரங்களைக் காக்கவென்றே 1994இல் தனிச் சட்டம் வந்தது. 2025 வரை என்று காலம் குறித்திருந்த அந்தச் சட்டம், சொந்தப் பட்டா நிலத்தில் நின்றாலும் அனுமதியின்றி வெட்டக் கூடாது என்றது. மலைப்பகுதி மரங்களுக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டம் வேறு இருக்கிறது. பழைய நாற்காலிக் கால், உடைந்த கட்டில் சட்டம், பில்லோடு வாங்கிய துண்டு, இவையே ஈட்டிக்கு நேர்மையான வழி. பழைய மரச்சாமான் இன்னொரு வகையிலும் மேல்: எத்தனையோ மழையும் பனியும் பார்த்து அடங்கிய மரம் அது.

ஈட்டிதான் வேண்டும் என்பது ஒரு மோகம். தேயிலைத் தோட்டங்களில் வயதான செடிகளை வேரோடு பிடுங்கிப் புதிதாக நடும்போது கிடைக்கும் அடித்தண்டு கனமாக, இழை நெருங்கி, நன்றாக மெருகேறும். முறுக்கலான வடிவம் என்பதால் பெரிய பலகை கிடைக்காது, கத்திப் பிடிக்குத் தேவையும் இல்லை. காப்பித் தண்டும் இதே ரகம், நிறம் மட்டும் வெளிர். பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கமும், கூடலூர்ப் பக்கமும் தோட்டக்காரர்களிடம் கேட்டால் விறகு விலையில் கிடைக்கும். வெள்ளையர் காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட பிளாக்வுட் நீலகிரியில் இன்று காடாகவே நிற்கிறது. அதன் சொந்த நாட்டில் அது துப்பாக்கிக் கட்டைக்குப் பேர்போன மரம். சில்வர் ஓக்கை நான் பிடிக்குச் சொல்ல மாட்டேன். ரேகை அழகு, ஆனால் மென்மை.

எந்த மரமானாலும் வைரம் பாய்ந்த பகுதியை மட்டும் எடுங்கள். வெளியே இருக்கும் வெள்ளைப் பகுதியில் மாச்சத்து இருக்கும், மரத்தைத் துளைக்கும் உளுப் பூச்சிக்கு அதுதான் சாப்பாடு. தேய்பிறையில் வெட்டிய மரம் உளுக்காது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்களோடு நான் வாதம் செய்வதில்லை. தேய்பிறையில் வெட்டினாலும் வெள்ளையைச் செதுக்கி எறிந்துவிடுகிறேன்.

இந்த மலையில் பிடி போடுவது புதிய கலை அல்ல. கோத்தர்கள் ஏழு ஊர்களில் இருந்துகொண்டு தோடருக்கும் படகருக்கும் இரும்பு வேலையும் மர வேலையும் மண்பாண்டமும் செய்து கொடுத்தவர்கள். இரும்பைக் காய்ச்சியவரும் மரத்தை இழைத்தவரும் ஒரே சமூகம், பல நேரம் ஒரே ஆள். கடையில் இன்று வாங்கும் கத்தியில் இரும்பு ஓர் ஊரில், பிடி இன்னோர் ஊரில். இரண்டுக்கும் இடையிலான இடைவெளிதான் தையில் ஆடுகிறது என்று சொன்னால் கொஞ்சம் மிகை. முழுப் பொய்யும் இல்லை.

கொம்பு: பழைய வளைவை மறக்காத பொருள்

மாட்டுக் கொம்பு எலும்பல்ல. நடுவே எலும்புக் குருத்து இருக்கும். அதன்மேல் உறையாக வளர்வதுதான் நாம் கொம்பு என்று எடுப்பது. நம் நகமும் முடியும் எந்தப் புரதத்தால் ஆனவையோ அதே கெரட்டினால் ஆனது. அரம் போட்டால் முடி கருகும் வாடை வருவது அதனால்தான். அடியில் உள்ளீடற்று, நுனியை நோக்கிப் போகப் போகத் திண்மமாகும். பிடிக்கு வேண்டியது அந்த நுனிப் பக்கம். எருமைக் கொம்புதான் கனமும் கருமையும். மெருகேற்றினால் கருங்கல் போலாகும், கையில் குளிராது, வியர்வையில் வழுக்குவதும் குறைவு.

கொம்பின் தனிக்குணம் சூட்டில் இளகுவது. கொதிநீரில் வேகவைத்தால் வளைந்துகொடுக்கும். இரு பலகைக்கு நடுவே அழுத்தி ஆறவிட்டால் தட்டையாக நிற்கும். சீப்பு செய்பவர்கள் வழிவழியாகச் செய்து வந்தது இதைத்தான். ஆனால் தட்டையாக்கிய கொம்பு தன் பழைய வளைவை மறப்பதில்லை. ஈரமும் சூடும் சேர்ந்தால் மெல்ல மெல்லத் திரும்பப் பார்க்கும். மலை மழைக்காலத்தில் கொம்புத் தகட்டின் ஓரம் இரும்பிலிருந்து எழும்பி நிற்பதன் காரணம் பசை சரியில்லாதது மட்டுமல்ல. எனவே அழுத்தித் தட்டையாக்கிய தகட்டைவிட, திண்ம நுனியிலிருந்து அறுத்தெடுத்த தகடு நல்லது. ஆணியை இரு முனைக்கும் நெருக்கமாக வைக்க வேண்டும். கிரைண்டரில் தேய்க்கும்போது விரலுக்குச் சூடு தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். சூடேறிய கொம்பு அடுக்கடுக்காகப் பிரியும். அது அடுக்கடுக்காக வளர்ந்த பொருள் என்பதை அப்போதுதான் காட்டிக்கொடுக்கும். கம்பளியை அரிக்கும் பூச்சிகளுக்குக் கொம்பும் ஒரு தீனி. அலமாரியில் மாதக்கணக்கில் மூடி வைத்த கொம்புப் பிடியில் சின்னச் சின்னக் குழிகள் விழுவது அவற்றின் வேலை.

கடைசி மெருகுக்கு உப்புத்தாளின் மிக நைசான எண் வரை போய்விட்டு, சலித்த சாம்பலை எண்ணெயில் குழைத்துத் துணியால் தேய்த்துப் பாருங்கள். விலை கொடுத்து வாங்கும் மெருகுப் பசைக்கு அது இளைத்ததல்ல. முகமூடி கட்டாமல் கொம்பையோ ஈட்டியையோ தேய்க்காதீர்கள். கொம்புத் தூள் நெஞ்சில் தங்கும், ஈட்டித் தூள் பலருக்கு ஒவ்வாமை.

இங்கே ஒரு எச்சரிக்கை. மேலே சொன்னதெல்லாம் வீட்டு எருமையின் கொம்பு. கோத்தகிரி, குன்னூரில் தேயிலைக்கு நடுவே சாவகாசமாக மேயும் காட்டெருமையின் கொம்பு அல்ல. தோட்டத்தில் இறந்து கிடந்ததாக இருந்தாலும் அதைத் தொடாமல் வனத்துறைக்குச் சொல்வதுதான் ஒரே வழி. மான் கொம்பும் அப்படியே. கடமானும் புள்ளிமானும் ஆண்டுதோறும் கொம்பை உதிர்ப்பவை. உதிர்ந்த பொருளை எடுத்தால் யாருக்கு என்ன நட்டம் என்று தோன்றலாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது அரசின் உடைமை. அறுத்துப் பிடியாக இழைத்துவிட்டால் உதிர்ந்ததற்கும் சுட்டு எடுத்ததற்கும் வித்தியாசம் காட்டுவது கடினம். மான் கொம்பு மாட்டுக் கொம்பைப் போலன்றி முழு எலும்பு. கரடுமுரடான மேற்பரப்பு கையில் நன்றாகப் பிடிக்கும். அதனால்தான் இந்தியக் கடமான் கொம்புக்கு ஒரு காலத்தில் வெளிநாட்டுத் துப்பாக்கிப் பிடிக்காரர்களிடம் அத்தனை கிராக்கி.

தந்தம்

தந்தம் யானையின் மேல்தாடை வெட்டுப்பல். எலும்பைப் போலக் கனிமமும் புரதமும் கலந்தது, ஆனால் எலும்பில் இருக்கும் இரத்தக் குழாய்த் துளைகள் இதில் கிடையாது. அதனால் மேற்பரப்பு ஒரே சீராக, பால்போல் மெருகேறும். உளிக்கு எந்தத் திசையிலும் விட்டுக்கொடுக்கும், கையின் எண்ணெயைக் குடித்துக் காலப்போக்கில் தேன் நிறமாகும். குறுக்கே அறுத்த முகத்தில் இரு திசையில் வளைந்தோடி ஒன்றையொன்று வெட்டும் கோடுகள் தெரியும். யானைத் தந்தத்தில் அக்கோடுகள் வெட்டும் கோணம் விரிந்தது, பெரும்பாலும் 115 பாகைக்கு மேல். அழிந்துபோன யானைச் சாதியான மாமூத்தின் தந்தத்தில் குறுகியது, 90க்குக் கீழ். சுங்கத்துறையினர் இரண்டையும் பிரித்தறியப் பார்க்கும் அடையாளங்களில் இதுவும் ஒன்று. எலும்பிலும் பிளாஸ்டிக்கிலும் அந்தக் கோடு வராது.

பிடிப் பொருளாகத் தந்தம் பெயருக்கேற்ற அளவு உறுதியானதல்ல. கூம்புக்குள் கூம்பாக வளர்ந்தது என்பதால், திடீரென்று உலர்ந்தால் அடுக்குவாக்கில் விரிசல் விடும். உறைபனிக் காலத்தில் அடுப்படி அலமாரியில் வைத்த தந்தப் பிடி கத்தி வெடிப்பதற்குக் காரணம் குளிர் அல்ல, வறட்சி. பழைய மேசைக் கத்திகளில் கொதிநீரில் கழுவியே பிடி பிளந்தவை ஏராளம்.

இருந்தும் துரைமார்களும் ராஜாக்களும் அதை விட்டதில்லை. அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் பாட்டன் 1916இல் வாங்கிய கோல்ட் (Colt) நிறுவன ரிவால்வரின் தந்தப் பிடி உலகப் புகழ். முத்துச்சிப்பிப் பிடி என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். ஆடம்பரத்துக்கு அப்பால் அதில் ஒரு காரணமும் இருந்தது: நைசாகச் செதுக்கிய கோடுகளைத் தந்தம் பல்லாண்டு தாங்கும்.

ஆசிய யானையில் தந்தம் ஆணுக்கு மட்டும்தான் வெளியே நீண்டு வளரும். ஆண்களிலும் எல்லாவற்றுக்கும் இல்லை. தந்தமில்லாத ஆணை மக்னா என்று முதுமலைப் பக்கம் குழந்தைகூடச் சொல்லும். தந்தத்துக்காகக் கொன்றவர்கள் கொம்பன்களை மட்டும் தேடித்தேடிக் கொன்றார்கள். பல காடுகளில் ஆண்களின் விகிதமே சரிந்தது. நீலகிரிக்குக் கிழக்கே சத்தியமங்கலம் காட்டில் வீரப்பன் காலத்தில் நடந்ததை யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1986இல் வந்த சட்டத் திருத்தம் இந்தியத் தந்தத்தின் வணிகத்தை நிறுத்தியது, 1991 திருத்தம் ஆப்பிரிக்கத் தந்தத்தையும் சேர்த்து மூடியது. எனவே இன்று இந்தியாவில் தந்தத்தில் பிடி செய்வது என்று ஒரு தொழில் கிடையாது. தாத்தா காலத்துத் தந்தப் பிடிக் கத்தி வீட்டில் இருந்தால் உடைமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். சான்றிதழ் இருந்தாலும் விற்க முடியாது. "பழசு சார், சட்டத்துக்கு முந்தினது" என்று யாராவது காட்டினால், விலைகூடக் கேட்காமல் நகர்ந்துவிடுவதே நல்லது.

தந்தத்துக்கு மாற்றுத் தேடியது இன்று நேற்று அல்ல. பில்லியர்ட்ஸ் பந்துக்குத் தந்தம் கட்டுப்படியாகாமல் அமெரிக்காவில் 1860களில் தேடிய தேடலில்தான் செல்லுலாயிட் பிறந்தது. பிளாஸ்டிக் யுகத்தின் வாசலையே யானை திறந்துவைத்தது எனலாம். இன்று கைக்கு எட்டும் மாற்றுகள்: நன்றாக வேகவைத்துக் கொழுப்பு நீக்கிய மாட்டெலும்பு, துணியையோ காகிதத்தையோ பிசினில் ஊறவைத்து அழுத்திய மைகார்ட்டா, சமையல் மேடை போடுபவர்களிடம் எஞ்சும் கோரியன் என்ற வெள்ளைச் செயற்கைப் பலகைத் துண்டு. பின்னவை இரண்டும் ஈரத்துக்கு ஏறக்குறைய அசைவதே இல்லை. மலையில் தினசரி மழையில் நனையும் கத்திக்கு என்னைக் கேட்டால் மைகார்ட்டாதான். அழகு குறைவு என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

துப்பாக்கிப் பிடி எங்கே வேறுபடுகிறது?

கத்திப் பிடி வெட்டின் அதிர்ச்சியை மட்டும் வாங்கும். கைத்துப்பாக்கியில் அதிர்ச்சி பின்னோக்கி வந்து, குழலை மேலே தூக்கி, பிடியை உள்ளங்கைக்குள் திருப்புகிறது. பிடி என்று நாம் சொல்வது பெரும்பாலும் இரும்புச் சட்டத்தின் இரு பக்கமும் திருகில் நிற்கும் இரண்டு தகடுகள்தான். இரும்பு அசையாது, தகடு அசையும். அதனால் மேலே சொன்ன ஈரக் கணக்கு இங்கே இன்னும் கறார். மரத்தின் நார் பிடியின் நீளத்தோடு ஓட வேண்டும். மேல் முனையில் மெலிந்து போகும் இடத்தில் நார் குறுக்கே வந்தால் சில சுடுதலிலேயே சில்லாகப் பெயரும். தகட்டின் உள்முகம் இரும்பில் முழுதாகப் படிய வேண்டும். ஒரே இடத்தில் மட்டும் முட்டினால் மொத்த உதையும் அங்கே இறங்கும், பிளவு அங்கிருந்துதான் தொடங்கும். எங்கே முட்டுகிறது என்று கண்டுபிடிக்க இரும்பில் மெல்ல விளக்குக் கரி பூசி, தகட்டை வைத்து எடுத்துப் பாருங்கள். கரி ஒட்டிய இடத்தை மட்டும் சுரண்டுங்கள். மறுபடி வையுங்கள். ஒரு பக்கத் தகட்டுக்கு முழு மாலையும் போகலாம். இதைவிட வேகமான வழி தெரிந்தவர்கள் சொல்வதை நான் நம்புவதில்லை.

அளவு இன்னொரு கலை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் பதக்கம் வாங்கிய 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் கவனித்திருக்கலாம். அந்தப் பிடிகள் விரலுக்கு விரல் குழி வைத்து, உள்ளங்கைக்குக் கீழே தாங்கு பலகையோடு இருக்கும். விதியும் உண்டு: துப்பாக்கி முழுவதும் 420, 200, 50 மில்லிமீட்டர் அளவுள்ள பெட்டிக்குள் அடங்க வேண்டும், பிடி மணிக்கட்டுக்குத் தாங்கலாக இருக்கக் கூடாது. அந்த எல்லைக்குள் ஆளுக்கு ஆள் செதுக்கிக்கொள்கிறார்கள், மரத்தூளும் பிசினும் கலந்த மாவை அப்பிக் குழியை நிரப்புகிறார்கள், மறுபடி அரம் போடுகிறார்கள். புதிதாகச் செய்பவருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: சுட்டுவிரல் விசையை நேராகப் பின்னுக்கு இழுக்கிறதா, பக்கவாட்டில் தள்ளுகிறதா என்று பாருங்கள். பக்கவாட்டில் தள்ளினால் பிடி தடிமன் தவறு. அழகு வேலையெல்லாம் அதற்குப் பிறகு. அரிவாளில் இதற்கு இணையான சோதனை, கண்ணை மூடிக்கொண்டு பிடியை எடுத்ததும் வாய் எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரிவது. முழு உருளையாக இழைத்த பிடி அதைச் சொல்லாது, முட்டை வடிவம் சொல்லும்.

உண்மையான துப்பாக்கி என்றால், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் நடுவில் நிற்கிறது. உரிமக்காரர் தம் துப்பாக்கியை உரிமம் இல்லாத பட்டறைக்காரரிடம் விட்டுவிட்டுப் போக முடியாது. கூடலூர்ப் பக்கத் தோட்டக்காரர்களிடமும், வெலிங்டன் பக்கத்து முன்னாள் ராணுவத்தாரிடமும் பழைய ரிவால்வர்கள் உண்டு. அவர்கள் முன்னாலேயே, குண்டு இல்லை என்று இரண்டு பேர் பார்த்த பிறகே எதையும் கழற்ற வேண்டும். பழைய தகடு உடையாமல் இருந்தால் அதைச் சுற்றிப் பென்சிலில் வரைந்த அட்டை வார்ப்பே புதிய தகட்டின் வெளி வடிவத்துக்குப் போதும். தொடங்குபவர் துப்பாக்கியில் தொடங்க வேண்டிய அவசியமும் இல்லை. துருப்பிடித்து மூலையில் கிடக்கும் கவாத்துக் கத்தி ஒன்றை எடுத்துப் புதுப் பிடி போடுங்கள். இரும்பின் வால் நீளம் பிடியின் முக்கால் பங்கு உள்ளே போகட்டும். அந்தக் காலத்தில் அரக்கும் செங்கல் தூளும் உருக்கி ஊற்றி வாலை நிறுத்துவார்கள். இன்று எபாக்சிப் பசை. அரக்குக்கு ஒரு சௌகரியம் உண்டு: சூடு காட்டினால் கழன்றுவிடும், பிடியை மாற்றலாம். எபாக்சி போட்டால் பெரும்பாலும் பிடியை உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

எண்ணெயில் ஒரு குழப்பம் எப்போதும் வரும். தேங்காய் எண்ணெய் தடவினால் பளபளக்கும், ஆனால் அது ஒருபோதும் காயாது. தூசி ஒட்டும், நாளாக ஆகச் சிக்கடிக்கும். மரத்துக்கு வேண்டியது காற்றுப்பட்டுக் கெட்டியாகும் எண்ணெய். தச்சர்கள் லின்சீட் ஆயில் என்று வாங்குவது அதுதான், ஆளி விதை எண்ணெய். மெல்லிசாகப் பூசி, கால் மணி நேரம் ஊறவிட்டு, மிச்சத்தைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். மறுநாள் இன்னொரு பூச்சு. மழைக்காலத்தில் காய ஒரு வாரம்கூட ஆகும், அடுப்புப் பக்கம் வைத்து அவசரப்படுத்த வேண்டாம். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். எண்ணெய் கெட்டியாகும்போது வெளிவரும் சூடு சுருட்டிய துணிக்குள் சிக்கி, தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் கம்பியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் அமுக்கிவிடுங்கள். முனைக்கு மட்டும் மூன்று, நான்கு பூச்சு கூடுதலாகக் கொடுங்கள்.